சென்னியப்பன் சாரை இமயமலையில் பிறக்க வைத்தேன்

நான் ஒரு மனிதரின் பிறந்த ஊரை மாற்றியிருக்கிறேன். அவருக்கும் தெரியாமல், அவரைப் பெற்றவர்களுக்கும் தெரியாமல், உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரே ஒரு பட்டனை அமுக்கி மாற்றினேன். சட்டப்படி இது என்ன குற்றம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. (தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பி.காம். முடித்துவிட்டு திருப்பூர் ராயபுரத்தில் ஒரு ஆலோசகரின் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தொழில் தொடங்குகிறவர்களுக்கு அரசு மானியம் வாங்கித் தர விண்ணப்பம் போடுவதும், அதற்கான புராஜெக்ட் ரிப்போர்ட் எழுதுவதும்தான் எங்கள் தொழில். எங்கள் சார் ஒரு கொள்கை வைத்திருந்தார்: "ஜெசி, ரிப்போர்ட்ட எவனும் படிக்க மாட்டான். கையில தூக்கிப் பாப்பான். கனமா இருந்தா கையெழுத்துப் போடுவான்." அதனால் நாங்கள் கெட்டியான தாளில் அச்சடிப்போம்.

சென்னியப்பன் சார் எங்கள் பழைய வாடிக்கையாளர். மண்ணரையில் குழந்தைகள் உடுப்பு தைக்கும் கம்பெனி. ஐம்பது வயதை நெருங்கியவர், வெள்ளைச் சட்டை தவிர வேறு சட்டை போட்டு யாரும் பார்த்ததில்லை. எறும்பைக்கூட "ஏனுங்க" என்று கூப்பிடுகிற ரகம். கம்பெனியை உண்மையில் நடத்துவது அவர் மனைவி சரசக்கா. இருவருக்கும் ஒரே கவலைதான். தீபாவளிக்கு ஊருக்குப் போகிற வடக்கத்தித் தையல்காரர்கள் பொங்கல் ஆனாலும் திரும்பி வருவதில்லை.

அவர்களில் கெட்டிக்காரி பிம்லா. வடக்கே, ரயில் முடிகிற இடத்திலிருந்து பஸ்ஸில் ஒரு பகல் முழுக்க ஏறினால் வருகிற கும்சேரா என்கிற மலை ஊர்க்காரி. நூல் வெட்டுகிற வேலைக்கு வந்து, ஒன்பது வருஷத்தில் ஒரு தையல் லைன் முழுவதையும் மேய்க்கிற சூப்பர்வைசர் ஆகியிருந்தாள். கொங்குத் தமிழை அவள் பேசுவதைக் கேட்டால், சாத்தான்குளத்துக்காரியான நான்தான் வெளியூர்க்காரி மாதிரித் தெரிவேன். ஒருநாள் அவளும் வந்து நின்று, "அக்கா, இந்த வருசம் ஊருக்குப் போனா வரமாட்டேனுங்க. புள்ள என்ற மூஞ்சியப் போன்ல பாத்தே வளருது" என்றாள். அவள் மகள் அண்ணன் வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தாள்.

சரசக்கா இரண்டு நாள் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தாராம். மூன்றாம் நாள் புருஷனிடம், "அவங்க இங்க வரலீன்னா நாம அங்க போவோம். கம்பெனியில ஒரு பாதியத் தூக்கிட்டுப் போய் அவங்கூர்ல வெப்போம்" என்று சொல்லிவிட்டார்.

விசாரித்தால், அந்த மாநில அரசு அதற்கென்றே ஒரு மானியம் வைத்திருந்தது. தொலைதூர மலைப் பகுதியில் தொழில் தொடங்கினால் மெஷின் விலையில் ஒரு பங்கு தருவார்கள், நூல் ஏற்றி வருகிற லாரி வாடகையில் ஒரு பங்கு தருவார்கள். அந்த ஊரிலேயே பிறந்தவர் தொடங்கினால் பங்கு இன்னும் அதிகம்.

விண்ணப்பிக்க நான்கே நாட்கள் இருந்தபோது ஃபைல் என் மேஜைக்கு வந்தது.

நான்கு நாளில் நான் கும்சேராவைப் பற்றிப் படித்திருக்கலாம். பிம்லாவிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், சென்னியப்பன் சார் மண்ணரை கம்பெனிக்காக முன்பு எங்களிடம் எழுதி வாங்கிய பழைய ஆங்கில ரிப்போர்ட்டைத் திறந்தேன். ஒரு சொல்லைத் தேடி இன்னொரு சொல்லாக மாற்றுகிற வசதி கம்ப்யூட்டரில் உண்டல்லவா? தேட வேண்டிய இடத்தில் 'திருப்பூர்' என்று போட்டேன். மாற்ற வேண்டிய இடத்தில் 'கும்சேரா' என்று போட்டேன். 'எல்லாவற்றையும் மாற்று' என்பதை அமுக்கினேன். எண்பத்தேழு இடங்களில் மாற்றிவிட்டதாகக் கம்ப்யூட்டர் பெருமையோடு சொன்னது. எனக்கு அதைவிடப் பெருமை. மீதி மூன்றரை நாளில் ஒரு சுடிதார் தைத்துக்கொண்டேன். ஆன்லைன் விண்ணப்பத்தில் கேட்ட விவரங்களையும் அந்த ரிப்போர்ட்டிலிருந்தே ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டி, அதையும் இணைத்து அனுப்பிவிட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து நேர்காணல் என்று கடிதம் வந்தது. வெளியூர் ஆட்கள் வீடியோவிலேயே பேசலாம் என்றிருந்தது. அன்றைக்குப் பார்த்து எங்கள் சாருக்குச் சேவூர் பக்கம் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம். "நீயே பாத்துக்கோ ஜெசி, ரெண்டு நிமிசம் தலையாட்டச் சொல்லு, முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்துவிட்டார்.

காலை பதினொரு மணி. மண்ணரை கம்பெனியின் ஆபீஸ் அறை. சரசக்கா லேப்டாப்புக்குத் திருநீறு பூசியிருந்தார். (ஸ்கிரீனில் பட்டதை அவர் பார்க்காதபோது துடைத்தேன்.) கேமராவுக்கு நேராகச் சென்னியப்பன் சார், பக்கத்தில் புதுச் சுடிதாரில் நான். கேமராவில் படாமல் ஓரமாகப் பிம்லா, இந்திக்குத் துணையாக. ஏனென்றால் என் இந்தி 'ஏக், தோ, தீன்' தாண்டாது. சாருடைய இந்தி 'ஹான் ஜி' தாண்டாது. கண்ணாடிச் சுவருக்கு வெளியே பாதித் தையல்காரர்கள் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்கிரீனில் படம் வந்தது. நான்கு அதிகாரிகள் ஒரு மேஜைக்குப் பின்னால் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். வந்தது ஒரு கூடம். கம்பளித் தொப்பியும் சால்வையுமாக ஐம்பது அறுபது பேர். சுவரில் ஒரு துணிப் பதாகை. எங்கள் முகம் அங்கே தெரிந்ததோ இல்லையோ, ஒருவர் கழுத்தில் மாட்டியிருந்த மேளத்தை அடிக்க ஆரம்பித்தார். கூட்டம் கை தட்டியது.

"அய்யோ, மேளம் அடிக்கறது என்ற அண்ணனுங்க!" என்று பிம்லா குதித்தாள்.

"அந்தத் துணியில என்ன கண்ணு எழுதியிருக்குது?" என்றார் சார், சிரித்த முகம் மாறாமல்.

பிம்லா கண்ணைச் சுருக்கிப் படித்தாள். "'கும்சேராவின் மகனே வருக'ன்னு போட்டிருக்குதுங்க."

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா சரசு, நம்மளச் சொந்த மகனாட்டம் நெனைக்கறாங்க. மலைக்காரங்களுக்கு மனசு பெருசு."

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இவ்வளவு நல்ல ரிப்போர்ட்டை நான் எழுதியிருக்கிறேனா!

நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரி என் அம்மா வயதுப் பெண்மணி. அவர் கையைக் காட்டியதும் மேளம் நின்றது. ஒரு வயதான மனிதரை முன்னால் அழைத்தார்கள். அந்த ஊர்ப் பள்ளியின் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியராம். கையில் பழுத்துப்போன ஒரு வருகைப் பதிவேடு. அவர் கேமராவுக்கு மிக அருகில் வந்து, சாரின் முகத்தை உற்றுப் பார்த்து, இந்தியில் உருக்கமாகப் பேசினார்.

"ஹான் ஜி, ஹான் ஜி" என்று சார் தலையாட்டினார்.

பெரியவர் விரலை ஆட்டிச் சிரித்துக்கொண்டே இன்னொன்று கேட்டார். சார் கையைக் கூப்பி, "ஹான் ஜி, ஹான் ஜி, ஹான் ஜி" என்றார். கூடமே கொல்லென்று சிரித்தது.

பிம்லா மெதுவாகச் சொன்னாள். "சார், பதிவேட்டுல உங்க பேரக் காணோமாமுங்க. ஆனா மூஞ்சியப் பாத்ததும் ஞாபகம் வந்துருச்சாமா. பள்ளிக்கூடத்துத் தோட்டத்துல ஆப்பிள் திருடி மாட்டுன பையன் நீதானேன்னு கேட்டாருங்க. நீங்க மூணுவாட்டி ஆமான்னுட்டீங்க."

"நானா?" என்றார் சார். அப்போதும் முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் அது எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை.

அதிகாரி என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசினார். "எத்தனையோ பேர் இந்த ஊரை விட்டுப் போனார்கள். தொழிலோடு திரும்பி வருகிற முதல் ஆள் இவர்தான். உங்கள் அறிக்கையின் மூன்றாம் பக்கம் எங்களை உருக்கிவிட்டது."

மூன்றாம் பக்கமா? அதில் என்ன இருக்கிறது? மேஜைக்கு அடியில் மெல்லப் புரட்டினேன்.

'திரு. சென்னியப்பன் கும்சேராவில் பிறந்து, கும்சேரா நகராட்சி ஆண்கள் பள்ளியில் பயின்றவர். சிறு வயது முதலே கும்சேராவின் வீதிகளில் பனியன் மூட்டை சுமந்து முன்னுக்கு வந்தவர். கும்சேரா மண்ணுக்குத் தான் பட்ட கடனைத் தீர்ப்பதே அவரது வாழ்நாள் லட்சியம்.'

எண்பத்தேழில் நான்கு இங்கேயே இருந்தன. ஊரில் பிறந்தவர்களுக்கான தனிப் பட்டியலில் சாரைச் சேர்த்திருக்கிறார்கள். அதனால்தான் பதாகை, அதனால்தான் மேளம்.

"ஒரே ஒரு சந்தேகம்" என்று அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "ஏழாம் பக்கம். 'கும்சேரா ஆண்டு முழுவதும் வெப்பமான, வறண்ட பகுதி. எனவே தொழிலாளர் நலன் கருதி இருபத்து நான்கு பெரிய மின்விசிறிகள் பொருத்தப்படும்.' இப்போது எங்கள் வாசலில் முழங்கால் அளவு பனி கிடக்கிறது. பிறகு, 'கும்சேராவின் நடுவே ஓடும் நொய்யல் ஆறு.' மூன்று வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன், அந்த ஆற்றை நான் பார்த்ததே இல்லை. எங்கே இருக்கிறது?"

உண்மையைச் சொல்வதற்கு அது நல்ல தருணம். நல்ல மனிதர்கள் அப்போதே சொல்லியிருப்பார்கள். நான் ஸ்தம்பித்த மாதிரி நடித்தேன்.

அதாவது, நெட் கட்டாகிப் படம் உறைந்து நிற்குமே, அதைப் போல. வாயைப் பாதி திறந்து, ஒரு கண்ணைப் பாதி மூடி, கையைக் காற்றில் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டேன். உதட்டை அசைக்காமல் பல்லிடுக்கில், "சார், அசையாதீங்க" என்றேன். சார் பாவம், ஏன் எதற்கு என்று கேட்காமல் கும்பிட்ட கையோடு சிலையாகிவிட்டார். மூச்சைக்கூட நிறுத்தியிருந்தார்.

பத்து விநாடி. பதினைந்து விநாடி. அந்தப் பக்கம் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அப்போது எங்களுக்குப் பின்னால் கதவைத் திறந்துகொண்டு, டீ எடுக்கப் போயிருந்த சரசக்கா தட்டோடு உள்ளே வந்தார். எங்கள் இருவருக்கும் முன்னால் ஆளுக்கொரு டம்ளர் வைத்தார். என் முகத்தைக் குனிந்து பார்த்து, "ஏங்கண்ணு, வாய் கோணிக்குச்சா?" என்றார்.

"மேடம்" என்றார் அதிகாரி நிதானமாக. "உங்களுக்குப் பின்னால் மின்விசிறியும் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பழைய ரிப்போர்ட், எண்பத்தேழு இடம், சுடிதார் உட்பட எல்லாவற்றையும் தெரிந்த ஆங்கிலத்தில் கொட்டினேன். தப்பு முழுக்க என்னுடையது, இவருக்கு ஒன்றும் தெரியாது, இவரைப் பொய் சொன்னவர் என்று நினைக்காதீர்கள் என்றேன். கூடத்தில் அதை யாரோ இந்தியில் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வரிசையாகச் சிரிப்பு பரவியது. கடைசி வரிசைக்குப் போனபோது மேளக்காரர் சிரிப்புத் தாங்காமல் மேளத்தின் மேலேயே கவிழ்ந்து, அது தானாக ஒருமுறை 'டும்' என்றது.

இந்தப் பக்கம் பிம்லா சாருக்குத் தமிழில் சொன்னாள். என்னைத் திட்டுவார், ஃபைலை வாங்கிக் கிழிப்பார் என்று காத்திருந்தேன்.

"ஏங்கண்ணு" என்றார் மெதுவாக, "என்னைப் பெத்தப்ப எங்கம்மா இங்க கவருமெண்டு ஆஸ்பத்திரியிலதான் இருந்தாங்க. உனக்குச் சந்தேகம்னா ஒரு வார்த்தை போன் பண்ணிக் கேட்டிருக்கலாமல்லோ?"

பிறகு கேமராவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "பிம்லா, அந்த வாத்தியாருகிட்டச் சொல்லிப்போடு. நான் ஆப்பிள் திருடலீங்க."

பெரியவருக்கு முகம் வாடிவிட்டது. பதிவேட்டை மூடிவிட்டு, அப்படியானால் அது யார் என்று கூடத்தையே சந்தேகமாகத் திரும்பிப் பார்த்தார். பல தலைகள் குனிந்தன.

சிரிப்பு அடங்கியதும் அதிகாரி முகம் மாறியது. வேடிக்கை வேறு, விதி வேறு என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் சொன்னார். பிறந்த ஊரைத் தவறாகக் காட்டிய விண்ணப்பத்தை ஏற்க முடியாது. நிராகரிக்கப்படுகிறது. அவ்வளவுதான்.

பிம்லா அந்தக் கடைசி வார்த்தையை மொழிபெயர்க்கவில்லை. என் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கேமராவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"பிம்லா!" என்று அந்தப் பக்கம் அவள் அண்ணன் கத்தினார்.

அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. அதிகாரியைப் பார்த்துத் தன் மலை மொழியில் பேச ஆரம்பித்தாள். மூச்சு விடாமல் பேசினாள். எனக்குப் புரிந்தது நடுநடுவே வந்த சொற்கள் மட்டும்: 'ஓவர்லாக்', 'செக்கிங்', 'ஷிப்மென்ட்', 'திருப்பூர்', 'சரசக்கா'. கண்ணாடிக்கு வெளியே நின்ற அவள் ஊர்ப் பெண்களைக் கை காட்டினாள். பிறகு மார்பில் கை வைத்து ஏதோ சொன்னாள். கூடத்தில் முன்வரிசையில் இருந்த பெண்கள் சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தலைமை ஆசிரியர் பதிவேட்டை மறுபடி திறந்து, ஒரு பக்கத்தில் விரலை வைத்து, உயர்த்திக் காட்டினார். பிம்லாவின் பெயர் அதில் இருந்தது.

அதிகாரி என்னைக் கேட்டார். "இந்தப் பெண் உங்கள் அறிக்கையில் எந்தப் பக்கத்தில் இருக்கிறாள்?"

எனக்குத் தெரியும். பதினொன்றாம் பக்கம், ஒரு கட்டத்துக்குள்: 'திறன்மிக்க தொழிலாளர்கள் உள்ளூரிலேயே கிடைப்பர்.' பக்க எண்ணை மட்டும் சொன்னேன்.

"இங்கே பிறந்த ஆள் ஒருவர் உங்கள் பக்கத்திலேயே நிற்கிறார்" என்றார் அவர். "நீங்கள் ஏன் இன்னொருவரைப் பிறக்க வைத்தீர்கள்?"

கூடத்தில் இதையும் யாரோ இந்தியில் சொன்னார்கள், பிம்லா அதைத் தமிழில் சொல்லத் தயங்கினாள். நான்தான் சாருக்கும் அக்காவுக்கும் சொன்னேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சரசக்கா டீத் தட்டைக் கீழே வைத்தார்.

"பிம்லாவைக் கூட்டாளியாப் போட்டு எழுது கண்ணு."

"அக்கா" என்றாள் பிம்லா. நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. "பேருக்குப் போடறதா இருந்தா வேண்டாமுங்க. பங்கு எழுத்துல இருக்கோணும். அங்க ஆளெடுக்கறதும் லீவு குடுக்கறதும் நாந்தான் முடிவு பண்ணோணுமுங்க."

சார் சரசக்காவைப் பார்த்தார். சரசக்கா பிம்லாவைப் பார்த்தார்.

"ஒன்பது வருசமா இங்கயும் நீதானே பண்ணிட்டிருக்கற?" என்றார் அக்கா. "எனக்கு மட்டும் தெரியாதாக்கும்."

பிம்லா அதை அந்தப் பக்கம் சொன்னாள், அதிகாரி அடுத்த சுற்றுக்குப் புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு அடித்த மேளம் முன்னால் அடித்ததைவிடப் பலமாக இருந்தது.

மறுநாள் ஆபீசில் நடந்ததைச் சொன்னபோது எங்கள் சார் திட்டவில்லை. நாற்காலியில் சாய்ந்து, விபூதி நெற்றியைப் பிடித்துக்கொண்டு, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். "படிச்சாங்களா? ஏழாம் பக்கம் வரைக்குமா?" அதற்குப் பிறகு எங்கள் ஆபீசில் கெட்டித் தாள் வாங்குவதில்லை.

புது ரிப்போர்ட்டை மூன்று வாரம் எழுதினோம். தினமும் ஷிப்ட் முடிந்து பிம்லா ராயபுரம் வந்து என் எதிரில் உட்காருவாள். மின்விசிறிக்குப் பதில் அறையைச் சூடாக்கும் ஹீட்டர். பனியில் பாதை அடைபடும் மாதங்களுக்கு முன்பே நூலை வாங்கி அடுக்க ஒரு கிடங்கு. விதைப்புக் காலத்தில் பெண்கள் வயலுக்குப் போவார்கள், அப்போது அரை நாள் வேலை. என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் ரிப்போர்ட் அதுதான். முன்னால் எழுதியதெல்லாம் ஊர் மாற்றியவை. கேட்டதைவிடக் குறைவாகத்தான் மானியம் கிடைத்தது, அதற்கும் எட்டு மாதம் ஆனது. ஆனால் கிடைத்தது. பத்து மெஷின்களோடு பிம்லா ஊருக்குப் போனாள். இப்போது அங்கே பதினெட்டு ஓடுகிறது. அவள் மகள் போன் பண்ணினால் என்னைக் கொங்குத் தமிழில் நலம் விசாரிக்கிறாள்.

சென்னியப்பன் சார் திறப்பு விழாவுக்குப் போனார். வெள்ளைச் சட்டைக்கு மேல் மூன்று ஸ்வெட்டர். தலைமை ஆசிரியர் அவருக்கு ஒரு கூடை ஆப்பிள் கொடுத்து, இனிமேல் கேட்டு வாங்கிக்கொள் என்றாராம்.

எல்லாம் சுபமாக முடிந்தது, என் பெயரைத் தவிர. இரண்டு வருடம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மரியாதையாக, "உங்களுக்குச் சொந்த ஊர் எதுங்க?" என்று கேட்டார். சாத்தான்குளம் என்று சொல்லிவிட்டுப் போகலாமல்லவா? என் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எந்த ஊரு வேணும்னு சொல்லுங்க. எங்க பிள்ள ஒரே அமுக்குல மாத்திருவா."

யாருக்கும் புரியவில்லை. அதனால் முழுக் கதையையும் சொன்னார். அம்மா சமையலறையிலிருந்து வேண்டாம் என்று சைகை காட்டக் காட்ட, நான் உறைந்து நின்ற காட்சியை எழுந்து நின்று நடித்தே காட்டினார். இந்தச் சம்பந்தம் போயிற்று என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்து பார்த்தால், மாப்பிள்ளைக்குக் காப்பி புரையேறி, கண்ணில் நீர் வழிய, "மாமா, அந்த வாய இன்னொருவாட்டி காட்டுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் என் வீட்டுக்காரரே சொல்கிறார். அவர் சொல்லும் கதையில் கூடத்தில் ஐந்நூறு பேர், ஒரு மேளம் பாண்டு வாத்தியமாகிவிட்டது, போன வாரம் ஒரு குதிரையும் வந்துவிட்டது. நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். ஒரு வார்த்தையும் திருத்துவதில்லை. திருத்துகிற தகுதி எனக்கு இல்லை.